நான்கு முறை ஜெயித்தால்தான் கோப்பை: என்.பி.ஏ. ஃபைனல்ஸ் நடக்கும் விதம்

2025 ஜூன் 5. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி அரங்கம். கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஃபைனல்ஸ். ஆட்டம் முடிய சில விநாடிகளே பாக்கி. சொந்த ஊர் அணியான தண்டர் ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. எதிரணியான இண்டியானா பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பந்தைத் தட்டிக்கொண்டே வலப்பக்கம் போய், எம்பி எறிகிறார். பந்து வளையத்துக்குள் இறங்கியபோது கடிகாரத்தில் மிச்சம் 0.3 விநாடி. பேசர்ஸ் 111, தண்டர் 110. கடைசி குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதி) 15 புள்ளி பின்தங்கியிருந்த அணி அது. அன்றைய ஆட்டம் முழுவதிலும் பேசர்ஸ் முன்னிலையில் இருந்த நேரமே அந்த 0.3 விநாடிதான்.

என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கூடைப்பந்துக்குப் புதியவர். "அப்போ இவங்கதானே சாம்பியன்? கோப்பையை ஏன் இன்னும் கொண்டு வரலை?" என்றார். திரையில் 'ஃபைனல்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கும்போது அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அன்று முடிந்தது முதல் ஆட்டம் மட்டும்தான். கோப்பை வெளியே வர இன்னும் 17 நாள் ஆனது. கடைசியில் அதைத் தூக்கியதும் பேசர்ஸ் இல்லை.

என்.பி.ஏ. ஃபைனல்ஸ் என்பது ஒரு ஆட்டம் அல்ல, ஒரு தொடர். அதே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதும். அதிகபட்சம் ஏழு ஆட்டம். யார் முதலில் நான்கு ஆட்டங்களை ஜெயிக்கிறார்களோ அவர்கள் சாம்பியன். இதைத்தான் 'பெஸ்ட் ஆஃப் செவன்' என்கிறார்கள். கிரிக்கெட்டில் ஐந்து ஆட்டத் தொடரை ஒரு அணி 3-0 என்று கைப்பற்றிவிட்டாலும் மீதி இரண்டையும் ஆடி முடிப்பார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. நான்காவது வெற்றி கிடைத்த நிமிடமே தொடர் முடிந்தது. ஆகவே குறைந்தது நான்கு ஆட்டம், கூடினால் ஏழு. நான்கையும் ஒரே அணி வரிசையாக ஜெயித்தால் அதற்கு 'ஸ்வீப்' என்று பெயர். எதிராளியைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியது மாதிரி.

டிரா என்பதும் கிடையாது. ஓர் ஆட்டம் 12 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர், மொத்தம் 48 நிமிடம். அதற்குள் முடிவு வராவிட்டால் ஐந்து நிமிடம் கூடுதல் நேரம். அதிலும் சமம் என்றால் இன்னொரு ஐந்து நிமிடம். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதும் கணக்கில் வராது. 1 புள்ளியில் ஜெயித்தாலும் 40 புள்ளியில் ஜெயித்தாலும் அது ஒரு வெற்றி, அவ்வளவுதான். இந்த விதி எவ்வளவு குரூரமாக வேலை செய்யும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

சரி, இந்த இரண்டு அணிகளும் இங்கே எப்படி வந்து சேர்கின்றன? லீகில் 30 அணிகள். கிழக்கு 15, மேற்கு 15. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 82 ஆட்டம் ஆடும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடம் பிடித்தவர்கள் நேரே ப்ளே-ஆஃப் போகிறார்கள். 7 முதல் 10 வரை வந்தவர்கள் மிச்சமுள்ள இரண்டு இடங்களுக்காக 'ப்ளே-இன்' என்ற சின்னப் போட்டியில் மோதிக்கொள்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு பிரிவிலும் எட்டு அணிகள்: முதல் இடம் எட்டாம் இடத்தோடு, இரண்டாம் இடம் ஏழாம் இடத்தோடு என்று ஜோடி சேரும். கிழக்குக்காரர்கள் கிழக்குக்குள்ளேயே, மேற்குக்காரர்கள் மேற்குக்குள்ளேயே மூன்று சுற்று ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றும் இதே மாதிரி ஏழு ஆட்டத் தொடர்தான். முன்பு முதல் சுற்று மட்டும் ஐந்து ஆட்டமாக இருந்தது, 2003 முதல் அதுவும் ஏழு. கிழக்கில் மிஞ்சிய ஒன்றும் மேற்கில் மிஞ்சிய ஒன்றும் ஜூனில் ஃபைனல்ஸில் சந்திக்கின்றன. அதாவது கோப்பைக்கு 4 சுற்று, சுற்றுக்கு 4 வெற்றி, மொத்தம் 16 வெற்றி. 2017இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இந்த 16 வெற்றியையும் ஒரே ஒரு தோல்வியோடு முடித்தது. அப்படி அடிக்கடி நடக்காது.

இனி ஃபைனல்ஸுக்கு வருவோம். முதலில் எழும் கேள்வி: ஏழு ஆட்டத்தை எங்கே வைத்து ஆடுவது? பொதுவான மைதானம் என்று ஒன்று கிடையாது. இரண்டு அணிகளின் அரங்கங்களிலும் மாறி மாறி நடக்கும். ஏழு ஒற்றைப்படை எண் என்பதால் ஒருவருக்கு நான்கு, மற்றவருக்கு மூன்று. அந்த நான்கு யாருக்கு? 82 ஆட்ட லீகில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கு. 2025இல் தண்டர் 68 ஆட்டமும் பேசர்ஸ் 50 ஆட்டமும் ஜெயித்திருந்தன. ஆகவே அந்தச் சலுகை தண்டருக்கு. அக்டோபர் மாதத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை ஏன் இவ்வளவு தீவிரமாக ஆடுகிறார்கள் என்று யோசித்தால், காரணங்களில் இது ஒன்று.

முதல் இரண்டு ஆட்டம் அதிக வெற்றி பெற்ற அணியின் அரங்கில். அடுத்த இரண்டு எதிரணியின் அரங்கில். ஐந்தாவது மறுபடி இங்கே, ஆறாவது அங்கே, ஏழாவது இங்கே. இதை 2-2-1-1-1 என்று எழுதுவார்கள். 1985 முதல் 2013 வரை ஃபைனல்ஸுக்கு மட்டும் வேறு கணக்கு: 2-3-2. அதாவது நடுவில் மூன்று ஆட்டம் தொடர்ச்சியாக எதிரணியின் ஊரில். பாஸ்டனும் லாஸ் ஏஞ்சல்ஸும் மோதினால் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம், கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். அதைத் திரும்பத் திரும்பக் கடப்பதைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு கோணல் இருந்தது. தொடர் 2-2 என்று நிற்கும்போது ஐந்தாவது ஆட்டம்தான் திருப்புமுனை. லீகில் உழைத்து முன்னால் வந்த அணி அந்த முக்கியமான ஆட்டத்தை எதிராளியின் வீட்டில் போய் ஆட வேண்டியிருந்தது. 2014இல் பழைய முறைக்கே திரும்பினார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

சொந்த அரங்கம் என்றால் அப்படி என்ன பெரிய லாபம்? ஒரு ஃப்ரீ த்ரோவைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். எதிரணி வீரர் தவறிழைத்ததற்காகக் கிடைக்கும் இலவச எறிதல் அது. தடுக்க யாரும் வரக் கூடாது, 15 அடி தூரம், நிதானமாக எறியலாம். ஆனால் வளையத்தின் பின்பலகை கண்ணாடியால் ஆனது. அதன் வழியாக வீரரின் கண்ணுக்குத் தெரிவது பின்னால் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான உள்ளூர் ரசிகர்கள். கையில் கிடைத்ததையெல்லாம் ஆட்டிக்கொண்டு, ஊளையிட்டுக்கொண்டு இருப்பார்கள். சொந்த அணி வீரர் எறிய நின்றால் அதே கூட்டம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். நட்சத்திர வீரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போனது. பெஞ்சிலிருந்து வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆடுகிறவர்கள்தான் வெளியூரில் தடுமாறுவார்கள், சொந்த ஊரில் திடீரென்று ஜொலிப்பார்கள் என்பது கூடைப்பந்து உலகில் எல்லோரும் சொல்லும் பேச்சு. ஃபைனல்ஸில் ஏழாவது ஆட்டம்வரை போன தொடர்கள் 2025 வரை 20. அவற்றில் 16 முறை சொந்த அரங்கில் ஆடிய அணியே ஜெயித்தது.

இப்போது அந்த 2025 தொடரை வரிசையாகப் பார்த்தால் இந்த அமைப்பு எப்படி மூச்சு விடுகிறது என்பது தெரியும். முதல் ஆட்டத்தை வெளியூரில் ஜெயித்ததால் பேசர்ஸ் அந்தச் சொந்த அரங்கச் சலுகையைத் 'திருடிவிட்டது' என்பார்கள். இனி தன் ஊரில் நடக்கும் மூன்றையும் ஜெயித்தாலே போதும், கோப்பை கிடைத்துவிடும். இரண்டாவதைத் தண்டர் 123-107 என்று எளிதாக ஜெயித்தது. மூன்றாவது இண்டியானாவில், பேசர்ஸ் ஜெயித்து 2-1. நான்காவதிலும் கடைசி குவார்ட்டரில் பேசர்ஸ் முன்னிலை. அப்படியே முடிந்திருந்தால் 3-1, கோப்பைக்கு ஒரு படிதான். அங்கேதான் தண்டரின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் தனியாளாக 15 புள்ளி குவித்தார். 111-104. தொடர் 2-2. கையில் இருந்ததைப் பேசர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஐந்தாவது தண்டருக்கு, ஆறாவது பேசர்ஸுக்கு. ஜூன் 22, ஏழாவது ஆட்டம். தொடரின் நடுவிலேயே கெண்டைக்காலில் காயத்தோடு ஆடிவந்த ஹாலிபர்ட்டன், அன்று முதல் குவார்ட்டரிலேயே குதிகால் தசைநார் அறுந்து கீழே விழுந்தார். அவர் இல்லாமலும் பாதி ஆட்டம் முடிந்தபோது பேசர்ஸ் 48-47 என்று ஒரு புள்ளி முன்னிலை. மூன்றாவது குவார்ட்டரில் தண்டர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. 103-91.

"ஒரே ஆட்டத்தில் முடித்திருந்தால் பேசர்ஸ்தானே சாம்பியன்?" என்றார் நண்பர். ஆமாம். அதனால்தான் ஒரே ஆட்டத்தில் முடிப்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். இரண்டு அணிகளில் ஒன்று சற்றே பலமானது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஓர் ஆட்டத்திலும் அது ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு. ஒரே ஆட்டம் வைத்தால் பலவீனமான அணி கோப்பையைத் தட்டிச் செல்ல 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று ஆட்டத் தொடர் வைத்தால் பலமான அணியின் வாய்ப்பு சுமார் 65 சதவீதம் ஆகும். ஐந்து ஆட்டத் தொடரில் 68. ஏழு ஆட்டத் தொடரில் 71. ஆட்டம் கூடக்கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. ஆனாலும் பூஜ்ஜியம் ஆவதில்லை. அந்த 29 சதவீதம் இல்லாவிட்டால் ஜூன் மாதத்தில் யார் கண்விழித்து உட்கார்ந்து பார்ப்பார்கள்! இரு அணிகளும் சரிசமம் என்றால் தொடர் ஏழாவது ஆட்டம்வரை போக வாய்ப்பு 31 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கு ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியாக, நாணயம் சுண்டுவதுபோலப் பார்க்கிறது. உண்மையில் அப்படி இல்லை. ஏழு ஆட்டத் தொடரின் ருசியே அங்கேதான். நேற்றைய ஆட்டத்தை இரண்டு பயிற்சியாளர்களும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். எங்கே ஓட்டை விழுந்தது, யாரைக் குறிவைத்து அடிக்கிறார்கள், யாரை உட்கார வைப்பது என்று யோசிக்கிறார்கள். நாளை மறுநாள் அதே எதிராளி, ஆனால் வேறு திட்டம். அதற்கும் அவர்கள் பதில் வைத்திருப்பார்கள். முதல் ஆட்டத்தில் வெளுத்து வாங்கிய ஒரு தந்திரம் நான்காவது ஆட்டத்தில் செல்லாக் காசாகிவிடும்.

2015 ஃபைனல்ஸ் இதற்கு நல்ல உதாரணம். கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 2-1 என்று முன்னிலை. வாரியர்ஸ் அணியில் நிக் யூரன் என்று 28 வயது உதவியாளர் ஒருவர். முந்தைய ஆண்டு ஃபைனல்ஸின் வீடியோவைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அணி தொடரின் நடுவில் போரிஸ் டியாவை முதல் ஐவரில் (ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து வீரர்களில்) இறக்கி ஆட்டத்தின் போக்கையே மாற்றியிருந்தது. அதே மாதிரி நாமும் நெட்டையான ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கினால் என்ன என்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் யோசனை சொன்னார். அந்தப் பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட இகுடாலா முதல் ஐவரில் இறங்கியதில்லை. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஒப்புக்கொண்டார். முதல் ஐவரில் மாற்றம் உண்டா என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது இல்லை என்று கூசாமல் பொய் சொன்னார். பின்னால் அதை அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். உயரம் குறைந்தது, வேகம் கூடியது. வாரியர்ஸ் 103-82 என்று ஜெயித்தது, அடுத்த இரண்டையும் சேர்த்து 4-2 என்று கோப்பையையும் வாங்கியது. ஃபைனல்ஸின் சிறந்த வீரர் விருது இகுடாலாவுக்கு. ஒற்றை ஆட்டத்தில் முடிவு செய்யும் விளையாட்டில் இந்தக் கதைக்கு இடமே இல்லை. தோற்ற பிறகு யோசனை வந்து என்ன பயன்?

ஸ்கோரைப் பார்த்துத் தொடர் எந்த நிலையில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளவும் ஒரு பழக்கம் வேண்டும். 1-0க்கு அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. 2-0 என்றாலும், இரண்டும் சொந்த ஊரில் நடந்தவை என்றால், இன்னும் எதுவும் நடக்கவில்லை என்றே பழகிய ரசிகர்கள் சொல்வார்கள். 3-0 வேறு விஷயம். என்.பி.ஏ. ப்ளே-ஆஃப் வரலாற்றில் 2025 வரை 0-3இலிருந்து மீண்டு தொடரை ஜெயித்த அணி ஒன்றுகூட இல்லை. 1951 ஃபைனல்ஸில் நியூயார்க் நிக்ஸ் 0-3இலிருந்து 3-3வரை வந்தது, ஏழாவதில் ராச்செஸ்டர் ராயல்ஸிடம் தோற்றது.

1-3? ஃபைனல்ஸில் ஒரே ஒரு முறை. 2016. மறுபடி அதே வாரியர்ஸ், அதே கேவலியர்ஸ். அந்த ஆண்டு வாரியர்ஸ் லீகில் 73 வெற்றி, 9 தோல்வி. அதுவரை யாரும் தொடாத எண். 3-1 முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் கேவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸுடன் நடந்த உரசலால் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனின் கணக்கில் முரட்டுத் தவறுகளுக்கான புள்ளிகள் வரம்பைத் தொட்டன. ஐந்தாவது ஆட்டத்துக்கு அவருக்குத் தடை. ப்ளே-ஆஃப் முழுவதும் இந்தக் கணக்கு கூடிக்கொண்டே வரும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஏப்ரலில் செய்த தவறு ஜூனில் வந்து கழுத்தைப் பிடிக்கும். கேவலியர்ஸ் ஐந்தாவதையும் ஆறாவதையும் ஜெயித்தது. 3-3.

முன்பு சொன்ன அந்த 'வித்தியாசம் கணக்கில் வராது' விதிக்கு இப்போது வருவோம். அந்த ஆறு ஆட்டங்களில் ஒன்றுகூட நெருக்கமானது இல்லை. 33 புள்ளி, 30 புள்ளி வித்தியாசத்தில்கூடச் சில முடிந்தன. ஆனால் மொத்தத்தைக் கூட்டினால் வாரியர்ஸ் 610, கேவலியர்ஸ் 610. ஏழாவது ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் 89-89. அந்த ஸ்கோரிலேயே ஆட்டம் சில நிமிடங்கள் உறைந்து நின்றது. எறிந்தவை எல்லாம் தவறின. அந்நேரம் இரு அணிகளின் தொடர் மொத்தமும் 699. இகுடாலா தனியாக ஓடிப்போய்ப் போட முயன்ற பந்தை லெப்ரான் பின்னாலிருந்து பாய்ந்துவந்து பலகையோடு வைத்து அறைந்தார். 53 விநாடி இருக்கும்போது கேவலியர்ஸின் கைரி இர்விங் மூன்று புள்ளி எறிதல் ஒன்றைப் போட்டார். 93-89.

நான்காவது வெற்றி வந்து சேரும்வரை எதுவும் உறுதியில்லை என்பதை போட்டியை நடத்துகிறவர்களே மறந்துவிடுவதும் உண்டு. 2013 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டம், மயாமி. ஸ்பர்ஸ் 3-2 முன்னிலை, 28 விநாடி மிச்சமிருக்க 5 புள்ளியும் முன்னால். கோப்பை வழங்குவதற்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஊழியர்கள் வந்துவிட்டார்கள். உள்ளூர் ரசிகர்களில் பலர் எழுந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் மூன்று புள்ளியாகக் குறைந்த நிலையில் லெப்ரான் (அப்போது மயாமி ஹீட்டில்) எறிந்தது தவறியது. கிறிஸ் பாஷ் அந்த ரீபவுண்டை (தவறித் தெறித்து வந்த பந்தை) பிடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னோக்கி நடந்து மூலைக்குப் போய்க்கொண்டிருந்த ரே ஆலனிடம் கொடுத்தார். எறிந்தார். 5.2 விநாடி மிச்சம், 95-95. கூடுதல் நேரத்தில் ஹீட் 103-100 என்று ஜெயித்தது. ஏழாவதையும் ஜெயித்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்; ஸ்பர்ஸ் ரசிகர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஆண்டே அதே ஹீட்டை 4-1 என்று தோற்கடித்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

ஜெயித்த அணிக்கு லாரி ஓ'பிரையன் கோப்பை. லீகின் முன்னாள் ஆணையர் ஒருவரின் பெயர். தொடரின் சிறந்த வீரருக்குத் தனி விருது, அது பில் ரசல் பெயரில். பதினொரு முறை பாஸ்டன் செல்டிக்ஸுக்காகச் சாம்பியனானவர் அவர். அந்த விருதை முதன்முதலில் கொடுத்தது 1969இல். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் செல்டிக்ஸும் 3-3 என்று வந்து ஏழாவது ஆட்டத்துக்கு நின்றார்கள், லேக்கர்ஸின் சொந்த அரங்கில். ஜெயித்தவுடன் கொட்டட்டும் என்று லேக்கர்ஸ் உரிமையாளர் ஜாக் கென்ட் குக் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ரசல் ஆடவந்தபோது தலைக்கு மேலே அத்தனையும் தெரிந்தன. லேக்கர்ஸின் ஜெரி வெஸ்ட் அன்று 42 புள்ளி எடுத்தார். செல்டிக்ஸ் 108-106 என்று ஜெயித்தது. சிறந்த வீரர் விருதை வெஸ்டுக்கே கொடுத்தார்கள். தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் அவர் மட்டும்தான். பலூன்கள் கூரையிலேயே இருந்தன.